தாய் நிறுவனத்தின் கடனும் சேய் நிறுவனத்தின் கதியும்

வர்த்தகச் சரித்திரம் – 17

முதல் உலக யுத்தம் மூண்டு ஜெர்மானியப் பொம்மைகளின் வரவு நின்றுபோனபோது, அதுகாறும் நூரம்பர்க் நகரத்துத் தகரப் பொம்மைகளையே பெரிதும் நம்பியிருந்த இங்கிலாந்துக் கடைக்காரர்கள், உள்நாட்டு உற்பத்தியாளர்களை நாடத் தொடங்கிய விவரத்தைச் சென்ற வாரம் கண்டோம். அந்தச் சந்தர்ப்பத்தினால் பெரும் பயன் அடைந்த இரண்டு ஸ்தாபனங்களின் சரித்திரம் இந்த வாரத்துக்கு உரியது. ஒன்று லண்டன் மாநகரத்தில் தோன்றியது; மற்றொன்று லிவர்பூல் துறைமுகப் பட்டினத்தில் அதற்கு முன்பே வேரூன்றியிருந்தது. லண்டன் ஸ்தாபனம் 1964இல் லிவர்பூல் ஸ்தாபனத்தை விலைக்கு வாங்கிற்று. வாங்கிய ஏழாம் ஆண்டில் வாங்கியதே கவிழ்ந்தது. அதன்பின் எட்டு ஆண்டுகள் வேறொரு எஜமானரிடம் உயிர் தரித்திருந்த லிவர்பூல் தொழிற்சாலையும் முடிவில் பூட்டப்பட்டது. உலகமெங்கும் சிறுவர்கள் சேகரித்து மகிழ்ந்த ஒரு பொருள், வாங்குவோர் இருக்கும்போதே ஏன் மறைய நேர்ந்தது என்ற கேள்விக்கு, பொம்மையை ஆராய்ந்தால் பாதி விடைதான் கிடைக்கும். மறுபாதி அதன் உடைமையாளர்களின் கடன் பத்திரங்களில் இருக்கிறது.

லிவர்பூலின் குமாஸ்தா

பிராங்க் ஹார்ன்பி 1863இல் லிவர்பூலில் பிறந்தவர். இறைச்சி இறக்குமதி வியாபாரி ஒருவரிடம் குமாஸ்தாவாக வேலை பார்த்துவந்த அவர், தம் பிள்ளைகள் விளையாடுவதற்காக உலோகத் தகடுகளைப் பட்டை பட்டையாக வெட்டி, அரை அங்குலத்துக்கு ஒரு துளையாக இட்டு, சிறு திருகாணிகளும் மறைகளும் கொண்டு அவற்றைப் பிணைத்துப் பாலமாகவும் பாரந்தூக்கியாகவும் அமைத்துக் காட்டினார். எல்லாத் துளைகளும் சம தூரத்தில் இருந்தமையால் எந்தப் பட்டையையும் எந்தப் பட்டையோடும் பூட்டலாம் என்ற எளிய தத்துவமே அந்த விளையாட்டின் ஜீவன். எஜமானரிடம் 5 பவுன் கடன் பெற்று 1901 ஜனவரியில் அதற்கு உரிமைப் பட்டயம் கோரினார். 1907இல் அதற்கு மெக்கானோ என்ற பெயர் சூட்டப்பட்டது. 1914இல் லிவர்பூலின் பின்ஸ் ரோடு என்னும் வீதியில் விசாலமான தொழிற்சாலை எழுந்தது. 1920இல் ஹார்ன்பி என்ற பெயரில் சாவி கொடுத்து ஓடும் ரயில் பொம்மைகள் வந்தன. 1938இல் அவற்றிற் பாதியளவு கொண்ட ஹார்ன்பி டப்ளோ என்னும் சிறு ரயில்களும் வந்தன.

ரயில் ஓடினால் நிலையம் வேண்டும். நிலையம் இருந்தால் அதன் வாயிலில் மோட்டார் வண்டிகள் நிற்க வேண்டும். இந்த எண்ணத்தின் விளைவாகவே 1933ஆம் ஆண்டு இறுதியில் ஆறு சின்னஞ்சிறு வண்டிகள் கொண்ட தொகுதி ஒன்று, ரயில் தொகுதிக்குத் துணைச் சாமானாக வெளியாயிற்று. அடுத்த ஆண்டே அவ்வகைப் பொம்மைகள் டிங்கி டாய்ஸ் என்ற பெயர் பெற்றன. உருக்கிய துத்தநாகக் கலவையை எஃகு அச்சுக்குள் அழுத்திச் செலுத்தி வார்க்கும் முறையில் அவை செய்யப்பட்டபடியால், வீதியில் காணும் மோட்டாரின் முகப்பும் விளக்கும் கதவுக் கோடும் உள்ளங்கையிலே துல்லியமாக வந்து அமர்ந்தன. துணைச் சாமானாக வந்தவை விரைவிலேயே ரயிலின் துணை வேண்டாது தாமே பிரசித்தி அடைந்தன. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு தொடர் எண் உண்டு. அடுத்த எண்ணுக்குரிய வண்டி எப்போது வரும் என்று எதிர்பார்த்திருப்பதும், விட்டுப்போன எண்ணைத் தேடிப் பிடித்து வரிசையை நிறைவு செய்வதும் பிள்ளைகளுக்கு விளையாட்டை விடப் பெரிய இன்பமாயின. சேகரிப்புப் பொம்மையின் பலமும் பலவீனமும் இவ்விடத்தில்தான் அடங்கியிருக்கின்றன. வாங்குகிறவன் கையிலுள்ள வண்டிக்கு மட்டும் விலை கொடுப்பதில்லை. இனி வரப்போகும் வண்டிகள் தொடர்ந்து வரும் என்ற நம்பிக்கைக்கும் சேர்த்தே விலை கொடுக்கிறான்.

மூன்று சகோதரர்களும் ஒரு முக்கோணமும்

லண்டனில் ஜோசப் லைன்ஸ், ஜார்ஜ் லைன்ஸ் என்ற இரு சகோதரர்கள் ஆடும் மரக்குதிரைகளைச் செய்து பெயர் எடுத்திருந்தனர். ஜோசபின் புதல்வர்களான வில்லியம், வால்டர், ஆர்தர் என்ற மூவரும் யுத்தத்துக்குப் பிறகு, 1919இல், தனியே பிரிந்து லைன்ஸ் பிரதர்ஸ் என்ற ஸ்தாபனத்தைத் தொடங்கினர். மூன்று கோடுகள் சேர்ந்தால் முக்கோணமாகுமல்லவா? முக்கோணமே அவர்களுடைய முத்திரையாயிற்று. டிரை-ஆங் என்பது அவர்கள் பொம்மைகளின் பெயராயிற்று. லண்டனுக்குத் தெற்கே மெர்ட்டனில் அவர்கள் நிறுவிய தொழிற்சாலை, மிதிமோட்டார், பொம்மை வீடு, தள்ளுவண்டி என்று சகலவிதமான விளையாட்டுச் சாமான்களையும் பெருக்கிற்று. 1931இல் பழம்பெரும் ஹாம்லீஸ் பொம்மைக் கடையை வாங்கினார்கள். இரண்டாம் உலக யுத்த காலத்தில் அதே மெர்ட்டன் தொழிற்சாலை ஸ்டென் துப்பாக்கிகளை லட்சக்கணக்கில் செய்து கொடுத்தது.

யுத்தம் முடிந்தபின் அவர்களுடைய விஸ்தரிப்புக்கு எல்லையில்லை. 1951இல் ரோவெக்ஸ் என்ற சிறு பிளாஸ்டிக் நிறுவனத்தை வாங்கி, 1954இல் கென்ட் ஜில்லாவின் கடற்கரை ஊராகிய மார்கேட்டில் அதற்குப் புதிய தொழிற்சாலை கட்டி, டிரை-ஆங் ரயில்களை அங்கே செய்தார்கள். 1958இல் ஸ்கேலெக்ஸ்ட்ரிக் என்னும் மின்சாரப் பந்தயக் கார்களின் உரிமையைப் பெற்றார்கள். மறு ஆண்டு பெல்ஃபாஸ்ட் நகரில், டிங்கிக்குப் போட்டியாக ஸ்பாட்-ஆன் என்ற உலோகக் கார்களைத் தொடங்கினார்கள். 1963இல் அவர்களுடைய குழுவிலிருந்து சிண்டி என்ற பெண் பொம்மை பிறந்தது. கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய தேசங்களிலும் அவர்களுக்குத் தொழிற்சாலைகள் ஏற்பட்டன. உலகத்திலேயே மிகப் பெரிய பொம்மை ஸ்தாபனம் என்று அவர்கள் சொல்லிக்கொண்டதை அந்நாளில் எவரும் மறுக்கவில்லை.

இதே காலத்தில் லிவர்பூலில் தளர்ச்சி தொடங்கியிருந்தது. ஹார்ன்பி 1936இலேயே காலமாகிவிட்டார். 1953இல் லெஸ்னி நிறுவனம் மேட்ச்பாக்ஸ் என்ற பெயரில் தீப்பெட்டி அளவான மலிவான கார்களையும், 1956இல் மெட்டாய் நிறுவனம் கார்கி என்ற பெயரில் ஜன்னலுக்கு ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பதித்த கார்களையும் கொண்டுவந்தன. டிங்கி அவற்றைப் பின்பற்ற வேண்டிய நிலைக்கு வந்தது. பிளாஸ்டிக் ரயில்களின் முன் கனத்த உலோக டப்ளோ ரயில்கள் விலையில் நிற்க முடியவில்லை. மெக்கானோ நிறுவனம் நஷ்டத்தில் ஆழ்ந்தது. 1964இல் லைன்ஸ் சகோதரர்கள் 7,81,000 பவுன் கொடுத்து அதனைத் தம் வசப்படுத்தினார்கள். மெக்கானோ, ஹார்ன்பி, டிங்கி என்ற மூன்று புகழ்பெற்ற பெயர்களும் முக்கோண முத்திரையின் நிழலுக்கு வந்தன. ஹார்ன்பி ரயிலும் மார்கேட்டின் ரயிலும் டிரை-ஆங் ஹார்ன்பி என்று ஒன்றாக்கப்பட்டன. டப்ளோவின் அச்சுகள் வேறொருவருக்கு விற்கப்பட்டன. டிங்கி கைக்கு வந்துவிட்டபடியால் அதற்குப் போட்டியாகத் தாமே தொடங்கிய ஸ்பாட்-ஆன் கார்களை 1967இல் நிறுத்தினார்கள். பெரிய குழுவில் சேர்ந்த எந்தப் பொம்மையும் தன் சொந்த யோக்கியதையால் மட்டும் நிலைபெறுவதில்லை என்பதற்கு, திவாலுக்கு நாலு ஆண்டு முந்தியே கிடைத்த அத்தாட்சி இது.

1971: முக்கோணம் சிதறியது

வெளிநாட்டுக் கிளைகள் ஈட்டியதை விட இழந்ததே அதிகமாயிற்று. விஸ்தரிப்புக்காக வாங்கிய கடனுக்கு வட்டி ஏறிற்று. 1971இல் பாங்குகளின் பொறுமை எல்லை கண்டது. லைன்ஸ் பிரதர்ஸ் கலைக்கப்பட்டது. மார்கேட்டில் ரயில் நன்றாக விற்றுக்கொண்டிருந்தது. ஆனால் அதனால் என்ன பயன்?

இங்கே பொம்மை வர்த்தகத்தின் பருவ இயல்பைச் சற்று விளக்க வேண்டும். மேல்நாடுகளில் பொம்மைகளின் விற்பனையில் பெரும்பகுதி கிறிஸ்துமஸை ஒட்டிய சில வாரங்களிலேயே நடந்துவிடுகிறது. தொழிற்சாலையோ ஆண்டு முழுவதும் இயங்க வேண்டும். வசந்த காலத்திலேயே உலோகமும் பிளாஸ்டிக்கும் அட்டைப் பெட்டியும் வாங்கியாக வேண்டும். கோடை முழுவதும் வாரந்தவறாமல் கூலி கொடுத்தாக வேண்டும். அந்தப் பணம் கடைக்காரர்களிடமிருந்து திரும்பி வருவது அடுத்த தை மாதத்தை ஒட்டித்தான். ஆகவே ஒழுங்காக லாபம் தருகிற பொம்மை நிறுவனமும் ஆண்டில் எட்டொன்பது மாதம் கடனிலேயே வாழ்கிறது. அந்தக் கடன் தொழிற்சாலையின் பெயரில் கிடைப்பதன்று. தலைமை ஸ்தாபனத்தின் நாணயத்தின் பேரில் கிடைப்பது. சென்ற ஆண்டு ஈட்டிய லாபமும் தொழிற்சாலையின் பெட்டியில் இராது. அது எப்போதோ தலைமைக்குச் சென்று வேறொரு தேசத்து நஷ்டத்தை நிரப்பியிருக்கும்.

நம் நாட்டுக் கூட்டுக் குடும்பங்களில் இதை நாம் கண்டிருக்கிறோம். தமையன் பொதுச் சொத்தின் பேரில் வெளியூர் வியாபாரத்துக்குக் கடன் வாங்குவான். வியாபாரம் நொடித்ததும் அமீனா வந்து ஜப்தி செய்வது, ஒரு காசும் கடன் வாங்காமல் ஊரில் உழுதுகொண்டிருந்த தம்பியின் ஏர் மாட்டையும் சேர்த்துத்தான். தம்பியின் உழைப்பில் குறை எதுவும் இல்லை. அவன் பெயர் அந்தப் பத்திரத்தில் இருந்தது, அவ்வளவே.

தலைமை வீழ்ந்த செய்தி பரவிய மறுநாளே இன்னொரு சங்கடம் பிறக்கிறது. உலோகம் தருகிறவர் கையில் பணம் வைத்தால்தான் சரக்கு என்கிறார். இந்த வரிசை இனித் தொடருமா என்று ஐயுற்ற கடைக்காரர் அடுத்த ஆண்டுக் கொள்முதலைக் குறைத்துக்கொள்கிறார். மற்றச் சாமான்களாயின் இந்த ஐயம் சில வாரங்களில் தெளியும். சேகரிப்புப் பொம்மைக்கோ தொடர்ச்சியே உயிராதலால், நின்றுவிடுமோ என்ற ஐயமே அதனை நிறுத்திவிட வல்லது.

ரிசீவராக நியமிக்கப்படுகிறவர் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர். கடன் கொடுத்தவர்களுக்கு இயன்ற மட்டும் அதிகமாக, இயன்ற மட்டும் விரைவாகப் பணம் சேர்த்துக் கொடுப்பது அவர் கடமை. அவர் விற்கக்கூடியவை பெயர், அச்சு, கட்டடம், கையிருப்புச் சரக்கு என்ற நான்குமே. எந்த அச்சில் எவ்வளவு சூட்டில் உலோகம் சரியாக ஓடும் என்று அறிந்த தொழிலாளியின் கைப்பழக்கமும், அடுத்த ஆண்டு எந்த வண்டியைச் செய்தால் பிள்ளைகள் விரும்புவார்கள் என்று ஊகிக்கும் வரைபடக்காரரின் கண்ணும், முப்பது ஆண்டுகளாகக் கடைக்காரர்களோடு பழகிய விற்பனையாளரின் நட்பும் அந்தச் சொத்துப் பட்டியலில் இடம்பெறுவதில்லை. ஆயினும் ஒரு பொம்மையைப் பொம்மையாக்குவது பட்டியலில் ஏறாத இந்தச் செல்வமே என்பதை, லைன்ஸ் குழுவின் இரு சேய்கள் பிற்காலத்தில் அடைந்த வெவ்வேறு கதிகள் ஐயந்திரிபற நிரூபித்தன.

மடிந்த கார், பிழைத்த ரயில்

மெக்கானோவும் டிங்கியும் ஏர்ஃபிக்ஸ் என்ற நிறுவனத்துக்கு விற்கப்பட்டன. பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டி விமானமும் கப்பலும் அமைக்கும் பெட்டிகளால் புகழ்பெற்றது அது. பின்ஸ் ரோடு தொழிற்சாலை அப்போது அறுபதாண்டுகளை நெருங்கிக்கொண்டிருந்தது. இயந்திரங்களிற் பல பழையவை. 1968இல் அமெரிக்காவின் மாட்டெல் நிறுவனம் வெளியிட்ட ஹாட் வீல்ஸ் கார்கள், மெல்லிய அச்சாணியில் வழுக்கிக்கொண்டு விரைந்தோடி, பிள்ளைகளின் ருசியையே மாற்றிவிட்டிருந்தன. அதற்கு ஈடுகொடுக்கப் புதிய அச்சுகளும் புதிய யந்திரங்களும் புதிய மூலதனமும் தேவைப்பட்ட ஆண்டுகளிலேதான் பழைய எஜமானர் கடனில் தத்தளித்துக்கொண்டிருந்தார். டிங்கிக்குச் சொந்த நோய் இருந்தது உண்மை. ஆனால் மருந்து வாங்க வேண்டிய பருவத்தில் பணப்பை பிறர் கையில் இருந்தது என்பதும் அதே அளவுக்கு உண்மை.

ஏர்ஃபிக்ஸின் நிர்வாகத்தில் நஷ்டம் தொடர்ந்தது. 1979 நவம்பர் 30ஆம் தேதி, வெள்ளிக்கிழமையன்று, பின்ஸ் ரோடு தொழிற்சாலை மூடப்படுவதாக அறிவித்தார்கள். 900க்கும் மேற்பட்டோர் வேலை இழந்தனர். தொழிலாளர்கள் கலைந்து போக மறுத்துத் தொழிற்சாலைக்குள்ளேயே பல வாரங்கள் முற்றுகையிட்டுத் தங்கினார்கள். அங்கே தந்தையும் மகளும், அண்ணனும் தம்பியுமாக வேலை செய்த குடும்பங்கள் உண்டு. அவர்கள் காத்து நின்றது ஒரு கூலிக்காக மட்டுமன்று என்பதை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது. சேயைக் கைவிட்டுத் தன்னைக் காத்துக்கொள்ள எண்ணிய ஏர்ஃபிக்ஸும் தப்பவில்லை. பதினான்கு மாதங்களுக்குப் பின், 1981 ஜனவரியில், அதுவும் திவாலாயிற்று. மெக்கானோ பிரான்சின் கலே நகரத்துத் தொழிற்சாலையில் பிழைத்துக்கொண்டது. டிங்கி என்ற பெயரை 1987இல் அதன் பழைய போட்டியாளரான மேட்ச்பாக்ஸ் வாங்கியது. மேட்ச்பாக்ஸே பின்னர் மாட்டெலின் வசமாயிற்று. ஆக, ஹாட் வீல்ஸ் யாருடையதோ அவரிடமே டிங்கியின் பெயரும் போய்ச் சேர்ந்தது. அந்தப் பெயரில் பிற்பாடு சில கார்கள் வெளிவந்தன. ஆனால் பின்ஸ் ரோட்டின் வரிசை, எண் தவறாமல் தொடர்ந்து வந்த அந்தப் பழைய வரிசை, மீளவே இல்லை.

மார்கேட்டின் கதையோ வேறு. அங்கிருந்த ரயில் தொழிற்சாலையை 1972இல் டன்பீ-காம்பெக்ஸ்-மார்க்ஸ் என்ற குழு அப்படியே வாங்கிற்று. ஆட்கள் கலையவில்லை, இடம் மாறவில்லை. டிரை-ஆங் என்ற பெயர் கைவிட்டுப் போனமையால், ரயில்கள் ஹார்ன்பி ரயில்வேஸ் என்று வழங்கலாயின. லிவர்பூல் குமாஸ்தாவின் பெயர், அவர் கண்டிராத தொழிற்சாலையில், அவருடைய ரயில்களோடு போட்டியிட்டு வென்ற ரயில்களின் மேல் ஏறி வாழ்வு பெற்றது. ஸ்கேலெக்ஸ்ட்ரிக் கார்களும் மார்கேட்டுக்கே வந்து சேர்ந்தன.

ஆனால் புதிய தலைமையும் பழைய தலைமையின் வழியிலேயே சென்றது. 1976இல் அக்குழு, அமெரிக்காவின் லூயிஸ் மார்க்ஸ் நிறுவனத்தை குவேக்கர் ஓட்ஸ் கம்பெனியிடமிருந்து வாங்கியது. அந்த அமெரிக்கச் சொத்தின் நஷ்டம் வாங்கியவரையே விழுங்கிற்று. 1980இல் டன்பீ-காம்பெக்ஸ்-மார்க்ஸ் கவிழ்ந்தது. ஒன்பதே ஆண்டுகளில் மார்கேட் ரயில் இரண்டாம் முறை தாயை இழந்தது. இரு முறையும் தன் குற்றமின்றியே இழந்தது. இம்முறை அந்தத் தொழிற்சாலையின் நிர்வாகிகளே பணம் திரட்டி, தாங்கள் நடத்திவந்த தொழிலைத் தாங்களே வாங்கிக்கொண்டார்கள். 1986இல் அது பங்குச் சந்தையில் இடம்பெற்றது. 2006இல், மீண்டும் ஒரு திவாலில் சிக்கியிருந்த ஏர்ஃபிக்ஸையே அந்த ஹார்ன்பி நிறுவனம் விலைக்கு வாங்கிற்று. 2008இல் கார்கியும் அதனிடம் வந்தது.

அந்தக் கார்கியின் சரித்திரமும் இதே பாடத்தையே சொல்கிறது. அதன் தாயாகிய மெட்டாய், பொம்மையின் காலம் போய்விட்டது என்று அஞ்சி, 1982இல் டிராகன் 32 என்ற வீட்டுக் கம்ப்யூட்டரில் துணிந்து இறங்கிற்று. மறு ஆண்டே மெட்டாய் வீழ்ந்தது. 1984இல் ஸ்வான்ஸி நகரத்துத் தொழிற்சாலையை அதன் நிர்வாகிகள் வாங்கித் திறந்தமையால் கார்கியின் வார்ப்பு உலை மறுபடியும் எரிந்தது.

இம்மூன்று சரித்திரங்களையும் ஒருசேர வைத்துப் பார்ப்பவர்க்கு ஒரு முடிவு தெளிவாகும். சேகரிப்புப் பொம்மை ஒன்று தாயின் வீழ்ச்சியால் இறப்பது, வாங்குவோர் இல்லாததனால் அன்று. பருவ காலக் கடனுக்கு வழியற்றுப் போவதாலும், லாபம் முன்னரே பிறர் நஷ்டத்துக்கு இறைக்கப்பட்டு விடுவதாலும், பெயரும் அச்சும் ஒரு திசையிலும் அவற்றை ஆளத் தெரிந்த மனிதர்கள் மற்றொரு திசையிலும் சிதறிவிடுவதாலுமே அது இறக்கிறது. மார்கேட்டிலும் ஸ்வான்ஸியிலும் பெயர், அச்சு, மனிதர் மூன்றும் ஓரிடத்தில் கூடியிருந்தன, பொம்மை பிழைத்தது. லிவர்பூலில் மனிதர்களை வெளியேற்றிவிட்டுப் பெயரை மட்டும் விற்றார்கள். பெயர் மட்டுமே பிழைத்தது. ஒரு தொழிற்சாலையை விற்க நேரும்போது அதன் தொழிலாளர்களையும் வரைபடக்காரர்களையும் அதன் சொத்தாகக் கருதிக் காப்பது தர்மத்தின்பாற்பட்ட செயல் என்பார்கள். தர்மத்தை ஒருபுறம் ஒதுக்கிவிட்டு வெறும் வர்த்தகக் கணக்காகப் பார்த்தாலும் அதுவே லாபகரமான வழி என்பதற்கு, இன்றும் ஹார்ன்பியின் பெயரில் விற்பனையாகும் ரயில்களே சாட்சி.

பொம்மைக் கார்களில் டிங்கியை வென்று, உலகச் சந்தையையே தீப்பெட்டிக்குள் அடக்கி, பின்னர் 1982இல் தானும் ரிசீவர் கைக்குப் போன லெஸ்னி நிறுவனத்தின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் அடுத்த வாரம் ஆராய்வோம்.

(தொடரும்)